கொழுந்துக்கு ஒரு தராசு, இணையப் பக்கத்துக்கு எந்தத் தராசு?

தேயிலைத் தோட்டத்துத் தராசைப் பற்றி மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். சாக்கின் நிறை, இலையின் ஈரம், முற்றிய இலை என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லிப் பறித்த கொழுந்தில் சில கிலோக்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கணக்கில் எழுதுவது பெருந்தோட்டங்களின் மிகப் பழைய முறைப்பாடுகளுள் ஒன்று. தொழிற்சங்க மேடைகளில் அது பேசப்படாத ஆண்டு இல்லை. உழைத்தவர் கண்முன்னாலேயே தராசு முள் நிற்கிறது. ஆனால் எழுதப்படும் எண் வேறாக இருக்கிறது. மலையும் மழையும் தாங்குகிறவர்கள் இந்த அநியாயத்தைத் தாங்க மறுப்பது இதனால்தான்.

இப்போது அதே லயங்களுக்குள் இன்னொரு தராசு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் முள்ளை யாரும் பார்ப்பதில்லை. முதல் தராசு நிறையைக் குறைத்துக் காட்டி ஏமாற்றுகிறது; இது நிறையைக் கூட்டி, அந்தக் கூடுதல் சுமைக்கும் நம்மிடமே பணம் அறவிடுகிறது. கைத்தொலைபேசியில் நாம் திறக்கும் இணையப் பக்கத்தைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். முந்நூறு சொற்களில் எழுதப்பட்ட ஒரு பத்திரிகைச் செய்தி ஏறத்தாழ எட்டுக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சுருக்கி அனுப்பினால் அதிலும் குறையும். இனி மறுபக்கம். உலக இணையத்தளங்களின் நிறையைத் தொடர்ந்து அளந்துவரும் எச்டிடிபி ஆர்க்கைவ் என்ற ஆவணத் திட்டத்தின்படி, 2024 ஒக்டோபரில் கைத்தொலைபேசியில் திறக்கும் ஒரு முகப்புப் பக்கத்தின் இடைநிலை நிறை சுமார் 2.3 மெகாபைட். அதாவது 2,300 கிலோபைட். எட்டுக் கிலோ கொழுந்தைக் கொண்டுவர 2,300 கிலோ நிறையுள்ள கூடையை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டால் என்ன சொல்வோம்?

அந்தக் கூடைக்குள் இருப்பவை எவை? படங்கள் ஒரு பங்கு; அவற்றில் சில தேவையானவை. எழுத்துரு கைத்தொலைபேசியிலேயே இருக்கும்போது அதற்கு மேல் இன்னோர் எழுத்துரு. கேட்காமலே ஓடத் தொடங்கும் காணொளி. இவற்றோடு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதிய நிரல்கள், இடைநிலைக் கணக்கில் ஐந்நூறு கிலோபைட்டுக்கும் மேல். இந்த நிரல்களில் ஒரு பகுதி பக்கத்தை இயக்குவதற்கு உதவுகிறது. மறுபகுதி வாசகரைக் கண்காணிப்பதற்கு: எங்கிருந்து வந்தார், எவ்வளவு நேரம் நின்றார், எதன்மேல் விரல் வைத்தார், அடுத்து எங்கே போகிறார். அந்தக் காலத்துத் தோட்டத்தில் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. ஆளைக் கணக்குக் காட்டினால் கூலி. இந்த நிரல்களும் அதே தொழிலைத்தான் செய்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. கங்காணியின் பயணச் செலவை நம்முடைய ரீலோட் காசிலிருந்து கொடுக்கிறோம் என்பது இப்போதுதான் புதிது.

*

கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு 2.3 மெகாபைட் ஒரு பொருட்டாகத் தோன்றாது. வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு இருக்கிறவருக்கு அது கண் சிமிட்டும் நேரம். பதுளைக்கு மேலே ஏறிப் பாருங்கள்.

1924இல் தண்டவாளம் பதுளைக்கு வந்து சேர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, லுணுகலை என்று போகும் மலைகளில், தொலைத்தொடர்பு அலைக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஒரு மலைமுகட்டில் நான்கு கோடு காட்டும் தொலைபேசி, பள்ளத்தில் இருக்கும் லயத்து வாசலுக்கு வந்ததும் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிடும். விநாடிக்கு ஐம்பது கிலோபிட் என்ற இரண்டாம் தலைமுறை வேகத்தில் அந்த 2.3 மெகாபைட் பக்கம் முழுதும் வந்துசேர ஆறு நிமிடங்கள் வேண்டும். எட்டுக் கிலோபைட் எழுத்துக்கு இரண்டு விநாடி கூட வேண்டாம். அலை அதேதான், இடமும் அதேதான். வேறுபாடு முழுவதும் பக்கத்தைக் கட்டியவரின் கையில் இருக்கிறது.

2021 ஓகஸ்டில், கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த நாளில், லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் காட்டுக்குள் நடந்து மரத்தின்மேல் கட்டிய பரணில் ஏறி அலை பிடித்துப் பாடம் படிக்கும் படங்களை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. நம் பத்திரிகைகளும் அவற்றை எடுத்துப் போட்டன. "என்ன ஆர்வம், என்ன முயற்சி" என்று உருகினோம். அந்தப் பிள்ளைகள் மரமேறிப் பெற்றது என்ன என்று எத்தனை பேர் கேட்டோம்? பெரும்பாலும் ஒரு பாடக் குறிப்பு, ஒரு பயிற்சித்தாள். எழுத்தாக அனுப்பியிருந்தால் சில கிலோபைட்டில் முடிந்திருக்கக் கூடியவை. அவற்றைப் புகைப்படமாகவும் கனத்த கோப்பாகவும் காணொளியாகவும் ஆக்கி அனுப்பும் பழக்கத்தை நாம் கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை மரமேற்றினோம், கோப்பின் நிறையை இறக்கவில்லை.

நாட்கூலியையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக ஆனது 2021இல். 1,350 ரூபாவானது 2024 செப்டெம்பரில். ஒவ்வொரு ரூபாவுக்கும் பின்னால் எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு, எத்தனை வர்த்தமானி என்பதை மலையகச் செய்தி எழுதியவர்கள் அறிவார்கள். கிலோக் கணக்கில் இவ்வளவு கண்டிப்பாகக் கணக்குப் பார்த்து உழைப்பை அளக்கும் ஒரு சமூகத்திடம், மெகாபைட் கணக்கில் எந்தக் கூச்சமுமின்றிக் கொட்டி அளப்பது எந்த நியாயம்?

*

பணம் போனால் போகட்டும். உயிரைப் பற்றிய கணக்கு ஒன்று இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது என்ற செய்தி பின்னர்தான் பரவலாக வெளிவந்தது. அந்தத் துயரத்துக்கு இணையத்தைக் குற்றம் சொல்ல முடியாது. காணியும் வீடும் தராத நிர்வாகங்களின் குற்றம் அது. ஆனால் அது ஒரு பாடத்தைக் கற்பித்தது. ஓர் எச்சரிக்கை எழுதப்படுவது வேறு. அது லயத்து வாசலை எட்டுவது வேறு. இரண்டுக்கும் இடையிலான தூரத்தில்தான் மனிதர்கள் சாகிறார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அந்தத் தூரத்தை மறுபடியும் கண்டோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அரச எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பல தரப்பிலிருந்தும் எழுந்தது. மொழியைப் பற்றிய அந்த முறைப்பாடு முழுக்க நியாயமானது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் எச்சரிப்பது சலுகை ஆகாது, சட்டம்.

ஆயினும் மொழியோடு நின்றுவிடுவது போதாது என்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலைகளில் வருகிறது: விழிப்பாயிரு என்பதற்கு மஞ்சள், வெளியேறத் தயாராயிரு என்பதற்குச் செம்மஞ்சள், வெளியேறு என்பதற்குச் சிவப்பு. எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்த நிலை, எத்தனை மணிவரை என்ற மூன்றே செய்திகள். இவற்றை ஒரு குறுஞ்செய்தியில் எழுதிவிடலாம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான் கொள்ளும் என்றாலும், இரண்டு மூன்றைச் சேர்த்தால் எல்லாம் அடங்கும். இதைக் கையொப்பமிட்டு, வருடி, படமாக்கி, கோப்பாக்கி, அந்தக் கோப்பை ஒரு கனத்த தளத்துக்குள் மூன்று சொடுக்குகளுக்கு அப்பால் வைப்பதற்கு என்ன பெயர்? படமாக்கிய எழுத்தைத் தேடுபொறி எளிதில் தேடாது. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் எளிதில் வாசிக்காது. மழை இரவில், கரையும் மின்கலத்தோடு, ஒற்றைக் கோட்டு அலையில் நிற்கிறவருக்கு அது திறக்கவே திறக்காது.

லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தில் தேங்கிக் கிடந்ததும், நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்தபின் கைக்கு வந்ததும் மலையகத்தில் ஊரறிந்த கதைகள். "கடிதம் அனுப்பிவிட்டோமே" என்பது அப்போது அனுப்பியவரின் பதில். "தளத்தில் போட்டுவிட்டோமே" என்பது இப்போதைய பதில். இரண்டும் ஒரே பதில்தான்.

*

இதற்கெல்லாம் மருந்து அலையைப் பெருக்குவதே என்று நமக்குச் சொல்லப்பட்டது. 2015 ஜூலையில் இலங்கை அரசு கூகுள் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கை செய்தது. வானில் பலூன்களை மிதக்கவிட்டு நாடு முழுவதற்கும் இணையம் வழங்கும் 'லூன்' திட்டம். தலைப்புச் செய்திகள் பறந்தன. 2016 பெப்ரவரியில் அந்தப் பலூன்களுள் ஒன்று கம்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் விழுந்து கிடந்ததைத் தோட்டத்து மக்கள் கண்டெடுத்தார்கள். திட்டமிட்ட தரையிறக்கம்தான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. இருக்கலாம். 2021 ஜனவரியில் திட்டமே மூடப்பட்டது. மலையகத்துக்கு வானத்திலிருந்து வந்து சேர்ந்தது அந்தக் கிழிந்த பலூன் ஒன்றுதான்.

பலூன் வருமுன்பே, அதே கம்பளைப் பக்கத்தில், மிக எளிய வேறொன்று நடந்திருந்தது. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலியில் 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு ஒரு முயற்சி. நிலையத்திலும் கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இணைய இணைப்போடு கணினிகள் வைக்கப்பட்டன. கேட்பவர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கண்டதைத் தம் மக்களின் மொழியில் வானொலியில் விளக்குவார். கையில் கணினி வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், யார் கேட்டார்கள் என்று எண்ணிக் கணக்கெடுக்கும் நிரலும் இல்லை. ஒரு சிற்றூர் வானொலிப் பெட்டிக்குள் இணையம் வந்தது. உலகின் பல நாடுகளில் இதை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். பின்னர் ஊவா மாகாணத்துக்கும் ஒரு சமூக வானொலி வந்தது. இந்தக் கருவிகளை வளர்த்தெடுக்கும் பொறுமை நமக்கு இல்லாமல் போய்விட்டது. பலூனைப் பார்த்து வாயைப் பிளப்பது அதைவிடச் சுலபம்.

எளிய வழி என்றால் பின்னோக்கிப் போகும் வழி என்று எண்ண வேண்டாம். இன்றும் இயங்கும் சான்றுகள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை வெறும் எழுத்துப் பக்கங்களாக இணையத்தில் வைத்தது. இடையில் எத்தனையோ பகட்டான தமிழ்த் தளங்கள் வந்து மறைந்தன. மதுரைத் திட்டப் பக்கங்கள் எந்தப் பழைய தொலைபேசியிலும் இன்றும் திறக்கின்றன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், மலையக வெளியீடுகள் உட்பட ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் காத்துவைத்திருக்கிறது. அதன் பட்டியல் பக்கங்கள் எழுத்தும் சுட்டியுமாக எளிமையாகவே இருக்கின்றன. நீடிக்கும் எதுவும் எளிமையாக இருப்பது தற்செயல் அன்று.

அரசும் எளிமையை அறியாததில்லை. பரீட்சைப் பெறுபேற்றைச் சுட்டெண்ணோடு 1919க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பெறும் வழியைப் பரீட்சைத் திணைக்களம் ஏற்படுத்தியது. பெறுபேறு வெளியாகும் நாளில் தளம் திணறும்போது பசறையில் இருக்கும் பிள்ளைக்கு அதுதான் கைகொடுக்கும். 2022 ஜூலையில் எரிபொருள் அட்டை வந்தபோது, ஒருமுறை பதிந்து பெற்ற கியூஆர் குறியீட்டைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. இணையமில்லாத முச்சக்கரவண்டிக்காரரும் வரிசையில் நிற்க முடிந்தது. நெருக்கடி கழுத்தைப் பிடிக்கும்போது மட்டும் நம்மவர்களுக்கு எளிமை நினைவுக்கு வருகிறது. இது நமக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. 2017 செப்டெம்பரில் இர்மா சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோதுதான் அமெரிக்காவின் சிஎன்என், எழுத்து மட்டுமான பக்கம் ஒன்றைத் திறந்தது. அங்கே புயல் போனபின்னும் அந்தப் பக்கம் நிலைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

எதிர்வாதங்களை அறிவேன். மூன்று.

"விளம்பரம் இல்லாமல் பத்திரிகை வாழுமா?" வாழாது. விளம்பரத்தை நீக்குங்கள் என்று யார் சொன்னார்கள்? அச்சுப் பத்திரிகையில் நூற்றாண்டுக்கும் மேலாக விளம்பரம் வந்தது. வாசகர் பக்கத்தைப் புரட்டும் விரலை அது எண்ணவில்லை. அவர் வீடுவரை பின்தொடரவுமில்லை. ஒரு படம், ஒரு வாசகம், ஒரு சுட்டி. இருபது கிலோபைட்டில் விளம்பரம் செய்யலாம். பின்தொடரும் நிரல் விளம்பரதாரருக்கும் இடைத்தரகருக்கும் உதவலாம். எழுதும் நிருபரின் சம்பளம் அதனால் உயர்ந்ததாக நான் பார்த்ததில்லை.

"ஐந்தாம் தலைமுறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும்." மூன்றாம் தலைமுறைக்கும் நான்காம் தலைமுறைக்கும் இதையேதான் சொன்னார்கள். வீதி அகலமாகும் தோறும் வண்டியின் பாரமும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. புதிய அலை கடைசியாக வந்துசேரும் இடம் எதுவோ அந்த இடம் எப்போதும் பழைய அலையில் புதிய பாரத்தைச் சுமக்கிறது. ஊவாவின் தோட்டங்கள் அந்தக் கடைசி இடங்களுள் ஒன்று.

"மக்கள் வாட்ஸப்பிலும் முகநூலிலும்தானே இருக்கிறார்கள், அங்கே போட்டால் போதாதா?" மக்கள் அங்கே போனதற்கு ஒரு காரணம், நம் தளங்கள் அவர்களை விரட்டியது. கனத்த செய்தித்தளம் திறக்காதபோது யாரோ அதை வெட்டி ஒட்டி அனுப்பிய வரிகள் உடனே திறக்கின்றன. செய்தி எது, வதந்தி எது என்று அறியும் வழி அங்கே அறுந்துபோகிறது. மலை சரியப் போகிறது என்ற பொய்யும் மெய்யும் ஒரே வடிவில் வரும் இரவில், மூலத்தைச் சென்று பார்க்க இரண்டு விநாடியில் திறக்கும் ஒரு பக்கம் இருந்தாக வேண்டும். பொது அறிவித்தலை ஓர் அந்நிய நிறுவனத்தின் முற்றத்தில் மட்டும் ஒட்டுகிற அரசு, தன் சொந்த அறிவித்தல் பலகையைக் கைவிட்ட அரசு.

*

ஆகவே கேட்பது இவ்வளவுதான்.

இடர் எச்சரிக்கை எதுவாயினும் முதலில் வெறும் எழுத்தாக, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும். படமும் வரைபடமும் அதன் பின்னால் வரட்டும். அந்த எழுத்து குறுஞ்செய்தியாகவும், வானொலி அறிவிப்பாளர் அப்படியே வாசிக்கத் தக்கதாகவும் இருக்க வேண்டும். அரச படிவம் எதையும் நிரப்ப நிரல் கட்டாயமாக இருக்கக் கூடாது. அச்சிட்டு நிரப்பிப் பிரதேச செயலகத்தில் கொடுக்கும் வழி மூடப்படக் கூடாது.

தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்கள் ஒவ்வொன்றும் எழுத்து மட்டுமான பதிப்பு ஒன்றை வைக்கட்டும். ஒரு செய்திப் பக்கம் நூறு கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்று ஆசிரியர் பீடமே விதி வகுக்கட்டும். பத்தி இத்தனை சொல்லுக்குள் அடங்க வேண்டும் என்று நாங்கள் கறாராக நின்றதுண்டு. தாளின் விலை அப்படி நிற்க வைத்தது. இப்போது தாளின் விலையை வாசகர் கொடுக்கிறார் என்பதால் அந்தக் கறார் காணாமல் போய்விட்டது.

கடைசியாக, வெளிநாடுகளில் கணினித் துறையில் இருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு. ஊருக்குப் பலகலைக்கழக நூலகமும் பாடசாலைக் கட்டடமும் கட்டித் தருகிறீர்கள், நன்றி. ஊர்ச் சங்கத்துக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் தளம் அமைத்துத் தருகிறவர்களும் நீங்களே. அடுத்த முறை அமைக்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, ஐந்து ஆண்டுப் பழைய தொலைபேசியில், இரண்டாம் தலைமுறை அலையில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து வந்தால் அது மடுல்சீமைக்கும் வரும். வெள்ளைத் திரை வந்தால், நீங்கள் கட்டியது கொழும்பிலிருந்து வெளிநாடு வரைக்குமான அலங்காரம் மட்டுமே.

தராசில் சாக்கின் நிறையைத் தொழிலாளியின் கணக்கில் ஏற்றாதே என்று கேட்பது நியாயமானால், நிரலின் நிறையை அவருடைய பிள்ளையின் கணக்கில் ஏற்றாதே என்று கேட்பதும் அதே நியாயம்தான். முதலில் கொழுந்தை அனுப்புங்கள். சாக்கின் செலவைச் சாக்குக்காரர் ஏற்கட்டும்.